டெல்மரின் வலது கால்

ஜனவரி 9, 2014, வியாழன்

வெனாச்சியில் லாரியில் ஆப்பிள் ஏற்றினோம். பழம் உறைந்துவிடக் கூடாது என்று பின்னால் பெட்டிக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் கேபினைவிட ஆப்பிளுக்குத்தான் கதகதப்பு அதிகம். டெல்மரிடம் சொன்னேன். "ஆப்பிளுக்குத்தானே காசு குடுக்குறாங்க" என்றார். நியாயம்தான்.

ஸ்போகேனில் டீசல் போட்டோம். அங்கிருந்து வழக்கம்போல லுக்அவுட் கணவாயைத் தாண்டி மிசூலா வரை அவர் ஓட்டினார், மிசூலாவிலிருந்து பில்லிங்ஸ் வரை நான். திரும்பும்போதும் மலை அவருடையது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்படுக்கையில் தூங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து தூங்கியதைவிட மாறி மாறித் தூங்கியதுதான் அதிகம். இன்னும் பிரியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அவர் தங்கையின் கருத்து.

ஜனவரி 11, சனி

பில்லிங்ஸில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. மிசூலாவில் அவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். லுக்அவுட் இறக்கத்தில் ஒரு சத்தம் எழுப்பிவிட்டது. எஞ்சின் பிரேக்கின் தடதடப்பு. திரையை விலக்கிப் பார்த்தால் ரோடு முழுக்க வெள்ளை.

காய்ந்த இறக்கத்தில் எஞ்சின் பிரேக் போடாதவன் முட்டாள். ஐஸ் படிந்த இறக்கத்தில் அதைப் போடுகிறவன் அதைவிடப் பெரிய முட்டாள். எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், முன்வண்டியின் சக்கரம் வழுக்கும், பின்பெட்டிக்கு அந்தச் சேதி போய்ச் சேராது. வண்டி நடுவில் மடிந்து, நம் பெட்டியையே நாம் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இந்த ரோட்டில் ஒரு குளிர்காலம் ஓட்டிய யாருக்கும் தெரிந்த விஷயம். டெல்மர் முப்பதுக்கு மேல் ஓட்டிவிட்டார்.

"என்னய்யா பண்ற? ஐஸ்ல எஞ்சின் பிரேக்கா?"

"தூங்கு நோரீன்."

"எப்படித் தூங்குறது?"

"கண்ண மூடிக்கிட்டு."

சுவிட்சை அணைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

டெல்மர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ரேடியோ மட்டும் பேசியது, கோதுமை விலையைப் பற்றி.

ஜனவரி 16, வியாழன்

அடுத்த லோடும் ஆப்பிள்தான். லுக்அவுட் அடிவாரத்தில் சங்கிலி கட்டாயம் என்று போர்டு மின்னியது. வரிசையாக வண்டிகள், ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஒரு ஜோடி கால். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவதை நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொள்வோம். என் பக்கம் எப்போதும் முதலில் முடியும். இன்றும் முடிந்தது. அவர் பக்கத்தில் ஒரு கொக்கி உடைந்ததால் தாமதம் என்றார்.

மலை தாண்டி, சங்கிலியைக் கழற்றி, செயின்ட் ரெஜிஸில் சாப்பிட நிறுத்தினோம். இறங்குவதற்கு முன் ஈரமான காலுறையை மாற்றப் பூட்ஸைக் கழற்றினார். வலது காலுறை சிவப்பாக இருந்தது. பூட்ஸைக் கவிழ்த்தேன். உடைந்த கொக்கியின் துண்டு விழுந்தது, கட்டைவிரல் நகம் அளவு. குனிந்து வேலை செய்தபோது பூட்ஸுக்குள் போயிருக்க வேண்டும். அதன் மேல் நின்று, அதன் மேல் நடந்து, அதே காலால் பிரேக் அழுத்தி ஒரு மலையைக் கடந்து வந்திருக்கிறார்.

"வலிக்கலையா?"

"குளிர்ல மரத்துப்போச்சு."

"ஹீட்டர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"ஹீட்டர் சரியில்ல."

ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சரியில்லாதது வேறு. சர்க்கரை மாத்திரையை டோனட்டோடு சேர்த்து விழுங்குகிற மனிதர். டாக்டர் போன வருடமே காலைப் பற்றி எச்சரித்தார்.

எஞ்சின் பிரேக் விஷயமும் இப்போதுதான் புரிகிறது. அதன் சுவிட்ச் விரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. விரலில் உணர்ச்சி இருக்கிறது. காலை நம்ப முடியாமல் கையை நம்பியிருக்கிறார். ஐஸில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் எல்லாமே, அது பாதத்துக்குத்தான் தெரியும். அந்தப் பாதத்துக்கு இரும்பு குத்தியதே தெரியவில்லை. நான் அவருக்குப் பின்னால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

வெளியே சொன்னால் அவர் லைசென்ஸ் போகும். சொல்லாவிட்டால்? பயமாக இருக்கிறது. எனக்கு இந்த ஆள் வேண்டும், முழுசாக.

ஜனவரி 17, வெள்ளி

ஓட்டலில், கிரேவி ஊற்றிய பன் மாதிரியான பிஸ்கட்டை அவர் வாயில் வைக்கும்வரை காத்திருந்து ஆரம்பித்தேன். வாய் நிறைந்திருந்தால் குறுக்கே பேச முடியாது.

"இனிமே மலை எனக்கு. சமவெளி உனக்கு."

மென்றார். விழுங்கினார்.

"வண்டிய யாரும் கால்ல ஓட்டுறதில்ல நோரீன். உக்காந்திருக்கோம்ல, அந்த இடத்தாலதான் ஓட்டுறது. வழுக்குறது அங்கதான் முதல்ல தெரியும்."

"தெரியட்டும். பிரேக் அங்க இல்லையே."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அதுதான் தப்பாகிவிட்டது. நாலு பேர் முன்னால் யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் டெல்மர் எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஜனவரி 20, திங்கள்

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

மிசூலாவுக்கு இந்தப் பக்கம், பட்டப்பகல். அவர் ஓட்டினார். நான் படுக்கைக்குப் போகவில்லை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். "என்ன, தூக்கம் வரலையா?" என்றார். "வேடிக்கை பார்க்கணும்" என்றேன். எத்தனையோ தரம் பார்த்த அதே பைன் மரங்கள்.

ரோடு ஈரமாகப் பளபளத்தது. முன்னால் போன வண்டியின் டயர்களிலிருந்து தண்ணீர் புகையாகத் தெறித்துக்கொண்டிருந்தது. திடீரென்று தெறிப்பது நின்றது. ரோடு அப்படியேதான் பளபளத்தது. அப்படியென்றால் அது தண்ணீர் இல்லை.

"ஐஸ்" என்றேன். அவரும் அதே நேரத்தில் சொன்னார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. காலை பிரேக்கில் வைத்தார், முட்டையின் மேல் வைப்பதுபோல வைத்ததாகத்தான் நினைத்திருப்பார். கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பெட்டி மெதுவாக அடுத்த லேனுக்குப் புறப்பட்டது.

"கால எடு!"

"எடுத்துட்டேன்."

"எடுய்யா!"

"எடுத்துட்டேன்கறேன்ல!"

குனிந்து பார்த்தேன். பூட்ஸ் பிரேக்கின் மேலேயே இருக்கிறது! முழுசா அழுத்திக்கிட்டு! பொய் சொல்லலை அவர். எடுத்ததாகவே நினைக்கிறார். முட்டியில் ஓங்கி ஒரு அறை விட்டேன். கால் துள்ளி வெளியே வந்தது. சக்கரம் உருண்டது. பெட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எங்கள் பின்னால் வந்து சேர்ந்தது.

அடுத்த லேனில் யாரும் இல்லை. இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

ஓரமாக நிறுத்தினார். தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தேன். நகர்ந்து உட்கார்ந்தார். வீடு வரை நான் ஓட்டினேன்.

ரிட்ஸ்வில் வந்த பிறகுதான் வாய் திறந்தார். "செக்கப் வருதில்ல. டாக்டர் பாக்கட்டும். டாக்டர் சரின்னு சொல்லிட்டா நீ வாய மூடிக்கணும்."

"சொல்லலைன்னா?"

"அப்ப நான் மூடிக்கறேன்."

ஜனவரி 21, செவ்வாய்

முட்டி வீங்கியிருக்கிறது. "அங்க நல்லா வலி தெரியுது" என்றார், பெருமையாக.

ஜனவரி 28, செவ்வாய்

கிளினிக். சர்க்கரை உள்ள டிரைவர்களுக்கு வருடா வருடம் இந்தச் சான்று வேண்டும். டாக்டர் ப்ரோஷ் கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. டெல்மர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அப்புறம் காலுறையைக் கழற்றச் சொன்னார். "ஒரு நைலான் நூலால பாதத்தத் தொடுவேன் மிஸ்டர் கிஸ்லர். கண்ண மூடிக்கோங்க. தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மேஜைப் பக்கம் திரும்பி இழுப்பறையைத் திறந்தார்.

"தெரியுது" என்றார் டெல்மர்.

டாக்டர் கையை இழுப்பறையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"இதுவும் தெரியுது. கட்டைவிரல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினேன். பொத்திய பிறகு அது சிரிப்பாக இல்லை. அந்தச் சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அறையின் அந்தக் கோடியில் இருந்த டாக்டரைப் பார்த்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இல்ல, மிஸ்டர் கிஸ்லர்."

காலுறையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

"அப்ப ஆரம்பிக்க வேணாம் டாக்டர். போன குளிர்லயே ரெண்டு காலும் போயிடுச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை அவரும்.

பிப்ரவரி 7, வெள்ளி

அவர் வீட்டில், நான் ரோட்டில் என்று ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். அந்த ஒரு வாரத்தில் சமையலறை அலமாரியைக் கழற்றிவிட்டார். மாட்டவில்லை.

கம்பெனி மேனேஜர் வென்டெல்லிடம் கேட்டேன். டெல்மர் பயணியாகக் கூட வரலாம் என்று எழுதிக் கொடுத்தார். "ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. சும்மா உக்காந்துட்டு வரணும். சம்பளம் கிடையாது."

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளம் வேணாம்" என்றார் டெல்மர். "வாயத் திறக்காம உக்காரணும்னா அதுக்குத் தனியாக் குடுக்கணும்."

வென்டெல் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பின்படுக்கையிலிருந்து இன்று வந்தவை: "கியரக் குறை." "குறைச்சியா?" "உச்சிலயே குறைச்சிருக்கணும்." "முன்னாடி வண்டி எவ்வளவு தூரத்துல போகுது?" "அது பத்தாது."

"தூங்கு டெல்மர்" என்றேன்.

"எப்படித் தூங்குறது?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கினேன். படுத்திருந்து ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு வருகிறார், பாவம். கோபம்தான் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

லுக்அவுட் உச்சியில் கடும் பனி. கியரைக் குறைத்தேன். பின்னாலிருந்து குரல் வரவில்லை. முதல் வளைவு. குரல் இல்லை. இரண்டாவது வளைவில் பெட்டி ஒரு கை அகலம் நகர்ந்தது, காலை எடுத்தேன், நேரானது. அதற்கும் ஒரு சத்தம் இல்லை.

மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, காலையில் இரண்டு டோனட். ஓரம் கட்ட இடம் வந்ததும் நிறுத்தி, விளக்கைச் சிமிட்டவிட்டு, திரையை விலக்கிப் பார்த்தேன்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

திரையை மூடி வண்டியை எடுத்தேன். மிசூலாவில்தான் தலையை நீட்டினார்.

"எங்க இருக்கோம்?"

"மிசூலா."

"மலை?"

"முடிஞ்சுபோச்சு."

பக்கக் கண்ணாடியில், கடந்து வந்த ரோட்டைப் பார்த்தார். ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பில்லிங்ஸ் வந்ததும் எழுப்பு" என்று மறுபடி படுத்துவிட்டார்.