சீக்கிரம் திறக்கிற பக்கம்

திருத்தணி,
12.7.2005

ஜெகநாதன் பாவாவுக்கு,

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம், ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கை ஓரம் நாம் நாலு பேரும் முதல்முதலாக அன்னதானம் போட்டோமே, அந்தப் படத்தை உங்கள் மகன் ஸ்கந்தகுமார் நம் அன்னதான வெப்சைட்டில் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். கடை வைத்திருக்கிற வசந்திதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

படம் மேலேயிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. பந்தல், நம் கூட்டாளி வீரபத்திரன் தலைப்பாகை, பிறகு கரண்டியோடு நீங்கள். சொம்போடு நின்ற என் கமலா குள்ளம். இன்னும் கொஞ்சம் இறங்கினால் வருவாள் என்று காத்திருந்தேன்.

“அவ்ளோதான் தாத்தா, முழுசா வந்துட்ச்சி” என்றாள் வசந்தி.

உங்கள் தங்கச்சி இல்லை. அவள் பக்கத்தில் நின்ற நானும் இல்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்கு வேறு படமே கிடையாது. நீங்கள் கேட்டீர்கள் என்றுதான் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். என்ன ஆயிற்று பாவா?

கங்காதரன் (கைநாட்டு)


சென்னை,
20.7.2005

அன்புள்ள கங்காதரா,

இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

தப்பாக நினைக்காதே. படம் பெரிசாக இருந்தால் பக்கம் திறக்க நேரமாகுமாம். வெளிநாட்டில் இருக்கிற நன்கொடைக்காரர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்களாம். சீக்கிரம் திறக்கட்டும் என்று ஸ்கந்தகுமார் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினான். அதில் நீங்கள் இருவரும் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். கமலா என் கூடப் பிறந்தவள் இல்லையா?

பேத்தி ஸ்ரீவர்ஷினிக்கு நல்ல இடத்தில் வரன் வந்திருக்கிறது. அவர்களும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச வருகிறார்கள். இந்த நேரத்தில் இதைப் பெரிசு பண்ணாதே.

ஜெகநாதன்


திருத்தணி,
2.8.2005

பாவாவுக்கு,

மறுபடியும் போய்ப் பார்த்தேன். கீழே உங்கள் அறுபதாம் கல்யாணப் படம் இருக்கிறது. உங்கள் தலை வந்ததும் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் உங்கள் கழுத்து மாலைதான் இறங்கிக்கொண்டிருந்தது.

“இது மட்டும் ஏம்மா இவ்ளோ லேட்டு?”

“ஸ்கேன் பண்ண சைஸ்லயே அப்பிடியே போட்டுக்கீறாங்க தாத்தா. அதான் கனம்.”

“அப்ப எங்க படம்?”

“மொத்தமா சின்னதாக்கினா போதும். ஆளை எடுக்க வேண்டிய அவசியமே இல்ல.”

உங்கள் மாலைக்குக் காத்திருக்கிற வெளிநாட்டுக்காரன் கமலாவின் சொம்புக்குக் காத்திருக்க மாட்டானா பாவா?

கோயில் சமையல் குடும்பத்துப் பெண், திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிற கூலிக்காரனைக் கட்டிக்கொண்டாள். அதை மாப்பிள்ளை வீட்டார் பார்க்கக் கூடாது. அதுதானே?

அன்று முதல் பந்தியில் சமையல்காரர்கள் முணுமுணுத்தபோது, என் கையைப் பிடித்து உங்கள் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். “இன்னிலேந்து இவன் எங்க வூட்டு ஆளு. பாத்துப் பேசுங்க!” என்று கத்தினீர்கள். அப்புறம்தான் அந்தப் படத்துக்கு நின்றோம். கமலா அழுதுகொண்டே நின்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் மச்சான் முறை வைத்துப் பாவா என்று கூப்பிட்டேன்.

படத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். சுவரில் ஆணி சும்மா இருக்கிறது. வருஷா வருஷம் கிருத்திகை அன்னதானத்துக்கு நான்தான் அடுப்பு மூட்டினேன். இனி வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நின்றவர்கள் நாலு பேர். வீரபத்திரன் போய்விட்டான். கமலா போய்விட்டாள். ஜெகநாதன் பாவா என்று ஒருவர் இருந்தார். அவரும் போன மாதம் போய்விட்டார்.

உயிரோடு மிச்சமிருக்கும்,
கங்காதரன்