நான்கு தையல் போட்ட கடிதம்

தையல் கடை,
ஜூன் 4

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தால், "லிஃப்டுக்குள்ள இருக்கேன் அண்ணி, சிக்னல் இல்ல" என்கிறாய். நான் போன் செய்யும்போதுதான் ஊரிலுள்ள லிஃப்ட் எல்லாம் பழுதாகும் போலிருக்கிறது. கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. அதனால் இது.

பட்டாளத்தில் இருந்த உங்கள் ஆறு பேர் கதையைப் படம் எடுக்கிறாரே அந்த டைரக்டர், போன மாதம் கடைக்கு வந்தார். நல்ல மனுஷன். உன் அண்ணன் கதையைப் படத்தில் வைக்க என் சம்மதம் கேட்டார். நான் மெஷினில் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஆறு பேருக்கும் சீருடைச் சட்டை நீங்களே தைத்துத் தருகிறீர்களா என்றார். சரி என்றேன். உன் அண்ணன் சட்டையை வேறொருத்தி தைக்க நான் பார்த்துக்கொண்டிருப்பேனா?

தைத்தேன். ஐந்து சட்டை சரியாக இருந்தது. ஆறாவது திரும்பி வந்துவிட்டது. உன் அண்ணனாக நடிக்கிற பையனுக்குச் சட்டைக் கை நான்கு விரல் அதிகம், தோள் தொங்குகிறதாம். அளவுச் சீட்டு என் முன்னால்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் கை தானாக வெட்டியிருக்கிறது. நீங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்ட உன் அண்ணனுக்குத்தான் அந்தச் சட்டை பொருந்தியிருக்கும். பதினாறு வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன், இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. அந்தச் சட்டையைப் பிரிக்க மனம் வரவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன். வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

அது இருக்கட்டும். டைரக்டர் ஒரு காட்சி சொன்னார். உன் அண்ணன் காவலுக்குப் போகும் முன் என் கடிதத்தைப் படிக்கிறார், சிரிக்கிறார், இடது பையில் வைத்துக்கொண்டு போகிறார். நீதான் சொன்னாயாம். எனக்கும் அப்படித்தானே சொன்னாய். அந்தக் கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரி வேண்டுமாம், என்னாக நடிக்கிற பெண் பின்னணியில் பேசுவதற்கு.

எட்டு வருஷமாக உன்னிடம் ஒன்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். அவர் எந்த வரியில் சிரித்தார்?

நம் பாப்பா, பெரிய மனுஷி, பள்ளிக்குப் போயிருக்கிறாள். வயது பதினொன்று முடிந்துவிட்டது. நீ மாட்டிக் கொடுத்த மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. வருஷத்துக்கு ஒருநாள் வருகிறாய், வந்தால் உட்காராமல் ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டைச் சுற்றுகிறாய். போன தடவை தங்கினபோதும் விடியும்வரை வாசல் நாற்காலியிலேயே இருந்தாய். பெயர் மட்டும் தூங்குமூஞ்சி.

பதில் போடு.

அண்ணி

*

லிஃப்ட் கம்பெனி அறை,
ஜூன் 13

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மடிப்பில் அதே நான்கு தையல். பசை ஈரத்தில் விட்டுப்போகும் என்று நீங்கள் ஊசி நூலால் தைத்து அனுப்புவீர்களே, அங்கே அதை வைத்து நாங்கள் அடித்த கூத்தை அண்ணன் சொல்லியிருக்கிறாரா? உங்கள் கடிதம் வந்தாலே, "ஆபரேஷன் கேஸ் வந்திருக்கு, கத்தரி கொண்டா" என்று மருந்துப்பெட்டிக்காரனைக் கூப்பிடுவோம். அவன் தையல் பிரிக்கிற கத்தரியோடு ஓடி வருவான். அண்ணன் யாரையும் தொட விடமாட்டார். ஒவ்வொரு தையலாக அவரே வெட்டுவார்.

எங்கள் ஆறு பேருக்குள் ஒரு சட்டம் இருந்தது. கடிதம் வந்தவனுக்கு அன்றைக்குக் காவல் இல்லை. அவன் முறையை இன்னொருத்தன் பார்த்துக்கொள்வான். அதிகாரிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார். டைரக்டருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் போனேன். துப்பாக்கியைத் தோளில் எப்படிப் போடுவது என்று காட்டச் சொன்னார்கள். நானாக நடிக்கிறவன் ஆறு அடி, மாநிறம், நல்ல முடி. எனக்கே பொறாமையாக இருந்தது.

நீங்கள் கேட்டதற்கு, எந்த வரி என்று நான் கவனிக்கவில்லை அண்ணி. பொதுவாகச் சிரித்த முகமாக இருந்தார். டைரக்டருக்கு நீங்களே ஏதாவது நல்ல வரியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது.

பாப்பாவுக்கு என் அன்பு.

தூங்குமூஞ்சி

*

கடை,
ஜூன் 22

தம்பிக்கு,

எனக்கே காது குத்துகிறாயா?

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான்கு மாதம் காத்திருந்து அவருக்கு லீவு கிடைத்தது. பாப்பாவுக்கு மூன்று முடிகிற நேரம். வீட்டைக் கழுவி வைத்திருந்தேன். "அப்பா எப்ப வருவாரு" என்று அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு கடிதம் வந்தது. லீவைத் தூங்குமூஞ்சிக்குக் கொடுத்துவிட்டேன், அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நான் அடுத்த முறை வருகிறேன் என்று இரண்டே வரி.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். "உங்களுக்கு அவன்தான் குடும்பம். பெண்டாட்டியும் பிள்ளையும் யாரோ. அங்கேயே இருங்கள், இங்கே வரவே வேண்டாம்" என்று எழுதினேன். உன்னைப் பற்றியும் எழுதினேன். ஒட்டுண்ணி என்றேன். ஆத்தாளைச் சாக்கு வைத்து இன்னொருத்தி புருஷனைப் பிடுங்குகிறான் என்றேன். வாய்க்கு வந்தபடி எழுதித் தைத்துத் தபாலில் போட்டேன். உன் அம்மா போய்விட்டாள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கோபத்தில் எழுதியிருப்பேனோ என்னவோ.

அதில் சிரிப்பதற்கு எங்கே இடம்?

அவர் போய் எட்டாம் நாள் நீ வீட்டுக்கு வந்தபோது, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "என் கடிதம் அவருக்குக் கிடைத்ததா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லமாட்டாயா என்றுதான் கேட்டேன். நீ, "கெடைச்சது அண்ணி, படிச்சாரு, சிரிச்சாரு, பையில வச்சுக்கிட்டுதான் போனாரு" என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில்தான் நிற்கிறது. "வரவே வேண்டாம்" என்று நான் எழுதினதைப் படித்துவிட்டு அந்த மனுஷன் காவலுக்குப் போயிருக்கிறார். மனம் வெறுத்துப்போய் நின்றாரா, குனிய வேண்டிய நேரத்தில் குனியாமல் நின்றாரா என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

அவர் பொருட்களோடு என் கடிதங்கள் வந்தன. பதினேழு. எல்லாவற்றிலும் நூல் வெட்டியிருந்தது. பதினெட்டாவது அவரோடு போய்விட்டது என்றாய்.

பூசி மெழுகாதே. நடந்ததை எழுது. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணி

*

அறை,
ஜூலை 5

அண்ணிக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று வேலை நேரத்தில் லிஃப்ட் மேல்தளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஆட்கள் மாடி ஏறிக்கொண்டே என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அண்ணன் உங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு நான் திரும்பிய நாள் அது. இரண்டு நாள் லாரியில் நின்றுகொண்டே வந்தேன். தபால் மூட்டையும் அதே லாரியில்தான் வந்தது. நாங்கள் காவல் காத்த பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் முகாம். இறங்கும்போது பகல் ஒரு மணி. இரண்டிலிருந்து நான்கு வரை காவல் என் முறை. நிற்கும்போதே கண் சொருகியது. அன்றைக்கு அண்ணனுக்கு மட்டும்தான் கடிதம். நான்கு தையல். மருந்துப்பெட்டிக்காரன் கத்தரியோடு வந்துவிட்டான். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அம்மாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு எழுத அம்மா ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியும். பிரிக்காத உறையை என் கையில் வைத்தார். மற்றவர்களிடம் சத்தமாக, "டேய், இவனுக்குக் கடிதம் வந்திருக்கு. இவனுக்குக் காவல் இல்ல" என்றார்.

நான் ஒரு பேச்சுக்கு, "வேண்டாம்ணே, உங்க கடிதம், நீங்க படிங்க" என்றேன். "அவ எழுதுனது எங்கயும் ஓடிப்போகாது. நாலு மணிக்கு வந்து படிச்சுக்கறேன். அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு" என்றார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனார். நான் போய்ப் படுத்தேன் அண்ணி. உறையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தூக்கம் நான் தூங்கியதில்லை. குண்டு விழுந்த சத்தம்தான் என்னை எழுப்பியது. மூன்றேகால். விழுந்தது நான் நிற்க வேண்டிய இடத்தில்.

நீங்கள் கேட்டபோது, ஆறுதல் தேடுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் அன்பான கடைசி வார்த்தைகளை அவருக்குக் கிடைக்காமல் செய்தவன் நான் என்று எப்படிச் சொல்வது? அதனால் படித்தார் என்றேன். சிரித்தார் என்று சேர்த்துக்கொண்டேன். உங்கள் முகம் மாறியது. நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் டைரக்டரிடமும் அதையே சொன்னேன். சொன்ன பொய்க்கு நீங்களே சட்டை தைக்கும்படி ஆகிவிட்டது.

எனக்கு வந்த கடிதம் என்று அவர் கொடுத்தாலும், அது எனக்கு வந்ததில்லை. எட்டு வருஷமாக என் பெட்டியில் இருந்தது. பிரிக்கவில்லை. தையலை எண்ணிப் பாருங்கள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் என்னைப் பற்றி எழுதியது ஒன்றும் தப்பில்லை.

இனி அந்தப் பெயரில் கையெழுத்துப் போட எனக்கு அருகதை இல்லை.

தம்பி

*

அறை,
செப்டம்பர் 16

அண்ணி,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. உறை கைக்கு வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். தபாலில் தொலைந்திருந்தால் என்ன செய்வேன் என்றே தெரியவில்லை.

படம் வெள்ளிக்கிழமை வருகிறது. டிக்கெட் அனுப்பியிருக்கிறார்கள். நான் போகப்போவதில்லை. அண்ணன் போன நாள் இந்த வருஷமும் நெருங்குகிறது. நான் வரட்டுமா வேண்டாமா என்று ஒரு வரி போடுங்கள்.

தம்பி

*

வீடு,
செப்டம்பர் 25

தூங்குமூஞ்சிக்கு,

உறை வந்துவிட்டது. தொலையவில்லை.

வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. நான் போடுகிற முடிச்சு எனக்குத் தெரியும். நான்கும் அப்படியே இருந்தது. அந்த நூலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் படிக்கவில்லை, படிக்கவே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். எட்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

அழுகை நின்ற பிறகு உன் மேல் கோபம் வந்தது. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். லீவை உனக்குக் கொடுத்தார். தூக்கத்தை உனக்குக் கொடுத்தார். என் கடிதத்தையும் உனக்கே கொடுத்தார். எனக்கு என்னடா மிச்சம் வைத்தீர்கள் இரண்டு பேரும்? "படிக்கவில்லை அண்ணி" என்ற ஒரு வார்த்தையை நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்திருக்க வேண்டாம். நீ உன்னைக் குற்றவாளி என்று நினைத்தாய், நான் என்னை நினைத்தேன். ஒரே வீட்டில், எதிரெதிரே டீ குடித்துக்கொண்டு. அதனால்தான் இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் பழைய கடிதத்தைப் போலவே எழுதியிருப்பேன்.

நூலை வெட்டிப் பிரித்தேன். எழுதினது எல்லாம் மனப்பாடம்தான். ஆனால் உள்ளே இன்னொரு தாள் இருந்தது. பாப்பாவின் பாதத்தைத் தரையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தது. செருப்பு வாங்கி வர அளவு அனுப்பு என்று அவர் கேட்டிருந்தார். வரவே வேண்டாம் என்று எழுதின கையோடு அதையும் மடித்து வைத்திருக்கிறேன். திட்டினது நினைவிருந்தது, இதை வைத்தது சுத்தமாக நினைவில்லை. அவர் நான்கு மணிக்கு வந்து பிரித்திருந்தால் முதலில் இதுதான் கீழே விழுந்திருக்கும். அப்போது சிரித்திருப்பார். அது எனக்கு நிச்சயம்.

படத்துக்குப் போனோம். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பையன் கடிதத்தைப் படித்துச் சிரித்தபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது. வெளியே வரும்போது பாப்பா கேட்டாள், "அம்மா, அப்பா எதைப் படிச்சு சிரிச்சாரு?" நான் சொன்னேன், "அப்பா படிக்கவே இல்லடி. தூக்கத்துல கண் சொருகுனவனைப் படுக்கச் சொல்லிட்டு அவனுக்காகப் போய் நின்னாரு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். பிறகு, "சித்தப்பாவையா?" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் காட்டினேன். அதன்மேல் தன் பாதத்தை வைத்துப் பார்த்தாள். பென்சில் கோடு முழுக்க மறைந்துபோனது.

இந்த வருஷம் நீ வரவேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். உன்னைப் பார்த்தால் எனக்கு மூன்றேகால்தான் நினைவுக்கு வரும். எனக்குக் கொஞ்ச காலம் கொடு. எவ்வளவு காலம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. குழாய் சொட்டினால் சொட்டட்டும்.

பெட்டியில் இருக்கிற, அவர் அளவுக்குத் தைத்த அந்தச் சட்டையை உனக்கு அனுப்புகிறேன். உனக்குப் பெரியதாகத்தான் இருக்கும். பிரித்துச் சிறியதாக்காதே.

இன்னொன்று. உனக்கு எழுத யாரும் இல்லை என்று தெரிந்துதான் அவர் என் கடிதத்தை உன் கையில் வைத்தார். ஆனால் அது உனக்கு எழுதினதில்லை. இது உனக்கு எழுதினது. உறையில் உன் பெயர்தான் இருக்கிறது. நான்கு தையல் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மூன்றேகாலிலிருந்து நீ நின்றுகொண்டே இருக்கிறாய். உங்கள் சட்டப்படி, கடிதம் வந்தவனுக்குக் காவல் இல்லை.

போய்ப் படு.

அண்ணி