வரலாற்றுக்காரன் வீட்டு விண்ணப்பம்

மார்ச் 3, செவ்வாய்

பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்துவிட்டது. மகள் கணினி முன் உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று தட்டினாள். 'பீடம்' என்ற கட்டம் வந்ததும் எழுந்து குளிக்கப் போய்விட்டாள். பிறகு எட்டிப் பார்த்தேன். கட்டம் காலி. கலை அல்லது அறிவியல், இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் இரண்டு பக்கத்துப் பாடங்களும் எடுத்தாள், இரண்டிலும் நல்ல மதிப்பெண். ஏதாவது ஒன்றில் கோட்டை விட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

இருபது வருடத்துக்கு மேல் அதே பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் வரலாறு கற்பிக்கிறேன். ஆகவே அவள் அறிவியலுக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 5, வியாழன்

சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன்.

"வரலாறு படிச்சா என்ன பண்ணலாம்பா?" என்று கேட்டாள்.

"வரலாறு சொல்லிக் குடுக்கலாம். அதைக் கேட்டவங்க இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

"நல்ல வேலையாத்தான் தெரியுது."

"பாப்பா, நான் கிண்டல் பண்றேன்."

"தெரியும்பா. ஆனா கிளாஸ் இருக்கிற அன்னைக்கு மட்டும் சட்டையை நீங்களே தேய்ச்சுக்கிறீங்க. மீட்டிங் இருக்கிற அன்னைக்கு அம்மா தலையில கட்டிடுறீங்க."

மனைவிக்குப் புரையேறியது. அவள் கண் மருத்துவமனையில் கண்ணாடி பவர் பார்ப்பவள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நாள் பூரா நான் கேக்கிறதே இதுதான். இதுல தெளிவா தெரியுதா, அதுல தெளிவா தெரியுதா? யாரும் டக்குனு சொல்ல மாட்டாங்க. அவசரப்படுத்தினா தப்பாச் சொல்லிட்டு, தலைவலியோட திரும்பி வருவாங்க. கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருப்பதா? அவளுக்கென்ன, அவள் தொழிலில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

பீடத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளுக்காக வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அறிமுக நாளாம். கலைப் பீடத்தின் சார்பில் நான் பேச வேண்டுமாம். போன வருடம் பேசியவர் கூட்டத்தைத் தூங்க வைத்துவிட்டார் என்பது மட்டுமே என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

"ஆள் வரத்து குறைஞ்சுக்கிட்டே போகுது. மனசைத் தொடுற மாதிரி நாலு வார்த்தை பேசுங்க. உங்க வீட்லயும் ஒரு பொண்ணு இந்த வருஷம் வருதாமே, நம்ம பக்கம்தானே?"

"யோசிச்சிட்டு இருக்கா," என்றேன். பொய் இல்லை. அவளை நிம்மதியாக யோசிக்க விடாமல் செய்வது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

இயற்பியல் துறைக்காரர் ஒருவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் "சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாம்" என்று நடித்தேன். அறிவியலின் அருமை பெருமைகளை அவர் வாயால் அவள் கேட்க வேண்டும் என்பது திட்டம்.

மனிதர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார். "எந்நேரமும் லேப்லயே கிடக்கணும்மா. நான் வாங்கச் சொன்ன மெஷின் வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். உங்கப்பாவைப் பாரு. ஒரு புஸ்தகம் போதும், மரத்தடியில உக்காந்தாலும் வேலை ஓடும். நான்கூட சின்ன வயசுல வரலாறுதான் படிக்கணும்னு இருந்தேன்."

அவருக்கு நான் கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தேன், தொண்டையைச் செருமினேன், கடைசியில் மேசைக்கடியில் காலைக்கூட மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு, மேலும் கொஞ்சம் வரலாற்றைப் புகழ்ந்தார்.

திரும்பும்போது மகள் ரொம்ப அடக்கமாகக் கேட்டாள்: "அடுத்து யார் வீட்டுக்குப்பா?"

மார்ச் 20, வெள்ளி

நாளைய பேச்சின் தலைப்பு 'ஏன் கலை?' நானும் அதைத்தான் கேட்கிறேன்.

மார்ச் 21, சனி

சப்பென்று பேசிவிட்டு இறங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகளைக் கலைக்கு இழுத்துவிட்டு, என் பிள்ளையை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவது எனக்கே கூச்சமாக இருந்தது. பத்து நிமிடம், பாடத்திட்டம், நூலகம், நன்றி வணக்கம்.

மேடை ஏறி மைக்கைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தால் கடைசி வரிசையில் பாப்பா. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேசி அவள் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் முணுமுணுப்பதையும் கரண்ட் பில்லுக்குக் கத்துவதையும்தான் கேட்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் என் வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை.

வகுப்பில் காட்டுவதற்காகப் பையில் வைத்திருக்கும் பழைய இரும்பு எடைக்கல்லை எடுத்தேன். அடியில் ஒரு குழி. எடையைச் சரிக்கட்ட அதில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். யாரோ ஒரு கடைக்காரன் அந்த ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகை அடைத்து, மேலே கரி பூசியிருக்கிறான். கல்லை முன்வரிசைக்குக் கொடுத்துக் கைமாற்றச் சொன்னேன். "இது இரும்புன்னு அறிவியல் சொல்லும். எவ்வளவு குறையுதுன்னும் சொல்லும். ஆனா அந்தக் குறைஞ்ச தானியத்தை வாங்கிட்டுப் போனவ வீட்டுல அன்னைக்கு யார் அரைவயிறாப் படுத்தாங்க? இப்படித் தோண்டினவன் எந்த ஊர்க்காரன்? அவனை ஏன் யாரும் கேள்வி கேக்கல? அதை எந்தக் கருவியும் சொல்லாது. அதுக்கு நாம வேணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். பீடத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் அவளும் தட்டினாள், நான் பார்த்தேன்.

வாழ்நாளில் இப்படிப் பேசியதில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் என்ன செய்து தொலைத்திருக்கிறேன் என்று உறைத்தது. என் வாயாலேயே அவளை இந்தப் பக்கம் இழுத்துவிட்டேனா? அதோடு — இங்கே எழுதுவதில் என்ன வெட்கம் — உள்ளுக்குள் ஒரு குதியாட்டமும் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் வந்து அந்த எடைக்கல்லைக் கேட்டாள். ஜன்னலோரம் கொண்டுபோய்க் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, பிள்ளை வரலாற்றில் விழுந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். தடுப்பதற்கு என்னென்ன சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. தேடவும் இல்லை.

"அப்பா, இந்த மெழுகை யாராவது பரிசோதிச்சிருக்காங்களா?"

"மெழுகுல என்ன பரிசோதிக்க?"

"தேன்மெழுகுன்னா மகரந்தம் ஒட்டியிருக்குமே. மைக்ராஸ்கோப்ல பார்த்தா என்னென்ன பூன்னு தெரியும். அந்தப் பூவெல்லாம் எங்க சேர்ந்து பூக்கும்னு பார்த்தா, மெழுகு எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுன்னு ஓரளவு சொல்லலாம். நீங்க நேத்து சொன்னீங்க இல்ல, எந்த ஊர்க்காரன்னு எந்தக் கருவியும் சொல்லாதுன்னு."

எடைக்கல்லை வாங்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அது தப்புப்பா," என்றாள், பவ்யமாக. "ஆனா நீங்க அப்படிக் கேக்கலைன்னா எனக்கு இது தோணியே இருக்காது. ராத்திரியே ஃபார்ம்ல போட்டுட்டேன். அறிவியல். தாவரவியல்."

"ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பல் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்தாயிற்று.

கண்ணாடியில் தெரிந்தவனிடம் சொன்னேன்: கேட்டது கிடைச்சாச்சு. மூணு வாரமா இதுக்குத்தானே தலைகீழா நின்னே? அப்புறம் என்னடா உனக்கு? யாராவது உன்னை அடிச்சாங்களா?

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஜெயிச்சுட்டீங்களே. ஏன் முகம் இப்படித் தொங்குது?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க சொல்லச் சொல்ல அவ எதிர்த்து நிக்கணும். அப்பா மாதிரிதான் ஆவேன்னு அடம்பிடிக்கணும். கடைசியில நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுக்கணும். அதுக்குத்தானே இவ்வளவு கூத்து?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் சட்டை ஒன்றை என் கையில் திணித்து மடிக்கச் சொன்னாள். மடித்தேன்.

மார்ச் 23, திங்கள்

எடைக்கல் அவள் மேசையில் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பீடத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பல வருடத்துக்கு அப்புறம் வரலாற்றுக்கு இவ்வளவு விண்ணப்பமாம். "எல்லாம் உங்க பேச்சு. உங்க பொண்ணு போட்டாச்சா?"

"போட்டுட்டா. அறிவியல்."

"அட. நீங்க பேசினப்போ வரலையா?"

"வந்து, கேட்டுட்டுத்தான் போட்டா."

அவர் என் தோளில் கை வைத்து, துக்கம் விசாரிக்கிற குரலில் "பரவாயில்லை" என்றார். பரவாயில்லை என்று நானும் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

ஜூன் 18, வியாழன்

இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தைப் படித்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து ஒரு கணம் தயங்கி நின்றாள். "உங்களுக்கு வருத்தமாப்பா?"

"நான்தானே அறிவியல் படின்னு சொன்னேன்?"

"சொன்னீங்க. அதான் கேக்கிறேன்."

"கொஞ்சம்," என்றேன். மூன்று மாதத்தில் இந்த விஷயத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை இதுவாகத்தான் இருக்கும். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடிதத்தை இரண்டு பேரும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தோம்.

ஆகஸ்ட் 3, திங்கள்

முதலாண்டுக்கு முதல் வகுப்பு. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். வாசலில் அவள் இடது பக்கம் திரும்பினாள், நான் வலது பக்கம். "வர்றேம்பா" என்றாள். நாலு எட்டு வைத்ததும் யாரோ ஒரு பிள்ளையோடு பேச ஆரம்பித்துவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பு நிறைந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கி வந்தார்கள். பெயர் கூப்பிட்டேன். அகர வரிசை. ஒவ்வொருவராக எழுந்து முகத்தைக் காட்டி உட்கார்ந்தார்கள். பாதியில் ஓர் இடம் வந்தது. இரண்டு பெயர்களுக்கு நடுவே இன்னொரு பெயர் சரியாகப் பொருந்தியிருக்கக்கூடிய இடம். அங்கே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"சார், அடுத்தது நான்தான்," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

ஆமாம் என்று அவள் பெயரைக் கூப்பிட்டேன்.