பில்லில் வரும் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு ஆர்டர் கைநழுவிப் போனது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண், அவள் அப்பாவுக்கு மூன்று கால்சட்டை கேட்டாள். இடுப்பு, தொடை, உட்கார்ந்தபடி எடுத்த நீளம் என்று எல்லா அளவும் அனுப்பிவிட்டாள். கடைசியில் ஒரே கேள்வி. "கார்டு எடுப்பீங்களா?" இல்லை, வங்கிக்கு நேராக அனுப்புங்கள் என்றேன். அதோடு சரி, பதிலே இல்லை.

பிப்ரவரியில் இதுபோல் ஐந்து போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு முதுகுப் பக்கம் ஏற்றி, வயிற்றுப் பக்கம் இறக்கி, பின்பாக்கெட் இல்லாமல் தைக்கத் தெரிகிறது. விற்கத் தெரியவில்லை. நான்கு வருஷமாக இணையத்தில் 'ஊசிக்கண்' என்று கடை நடத்துகிறேனாம். பெரிய கடை!

மார்ச் 6, வியாழன்

மூன்று கார்டு சேவைகளைப் பற்றிப் படித்து, வெட்டுக்கு வைத்திருந்த அட்டையின் பின்புறம் எழுதினேன். முதலாவதில் கமிஷன் குறைவு, ஆனால் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாத வாடகை. இரண்டாவதில் வாடகை கிடையாது; ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவான், வெளிநாட்டுக் கார்டும் எடுப்பான். மூன்றாவதில் எல்லாமே இலவசம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பொடி எழுத்தைப் படித்தால் மூச்சு விடுவதற்குக்கூடக் கட்டணம்.

இரண்டாவதுதான் எனக்குச் சரி என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் அட்டையை நீட்டினேன். திருப்பிப் பிடித்து, மறுபக்கத்திலிருந்த இடுப்பு வரைபடத்தை உற்றுப் பார்த்து, "இதுல எது சார்ஜ்?" என்றார்.

பிறகு, "உன் தையலுக்குப் போய் எதுக்குப் புதுசா ஒண்ணு? என் கடைக்கு எடுத்த கார்டு கணக்கு சும்மாதானே கெடக்கு. ரேட்டும் கம்மி. அதையே போட்டுக்க."

நான்கு வருஷமாக இவர் வாயில் அது 'உன் தையல்'தான்.

மார்ச் 7, வெள்ளி

நாத்தனாரிடம் கேட்டேன். காப்பீட்டு ஆபீசில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அண்ணி, உங்க பேர்லயே எடுங்க. எங்க அண்ணன் பேர்ல பல் குத்துற குச்சிகூட வாங்காதீங்க."

கூடப் பிறந்தவளே சொல்கிறாள். ஆனாலும், ஏசி ரிப்பேர் கடையை மூடிய இந்த இரண்டு வருஷத்தில் இவர் "என் கடை" என்று சொன்னதே இல்லை. நேற்று சொன்னார். சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காகவே சரி என்றேன். நாத்தனாரிடம் சொல்லவில்லை. திட்டுவாள்.

மார்ச் 10, திங்கள்

இவர் கடவுச்சொல் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் இணைத்தாயிற்று. மாலைக்குள் முதல் கார்டு ஆர்டர்!

மார்ச் 29, சனி

இந்த மாதம் பதினேழு. தோள்பட்டை பெண்டு நிமிர்கிறது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டு அவரவர் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே வாசகம்: இந்தக் கடையில் நான் எதுவும் வாங்கவில்லை.

அதில் ஒருவர் நம் நீலக்காரர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்; நீலத்தைத் தவிர வேறு நிறம் வாங்கமாட்டார். போன வாரம்தான் கால்சட்டை கச்சிதம் என்று படம் அனுப்பினார். பொய் சொல்கிற மனுஷர் இல்லை. போன் போட்டேன்.

"கார்டு பில்லுல குளுகுளு ஏசி சர்வீஸ்னு இருந்துச்சும்மா. எவனோ என் கார்டைத் திருடி ஏசி மாட்டிக்கிட்டான்னு நெனச்சு பேங்க்ல சொல்லிட்டேன். உங்க கடை ஊசிக்கண் இல்லியா?"

ஊசிக்கண்தான் ஐயா. ஊசிக்கண்தான்.

ஏன் இது எனக்குத் தோன்றாமல் போயிற்று? கமிஷன், வாடகை, பொடி எழுத்து எல்லாம் பார்த்தேனே. பில்லில் யார் பெயர் வரும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? பில்லில் உங்கள் பழைய கடைப் பெயர் வருகிறது என்று இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "நம்ம பேருதானே!"

யாரு நம்ம?

ஏப்ரல் 10, வியாழன்

கார்டு சேவைக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பில்லில் வரும் பெயரை மாற்ற வேண்டும் என்றேன்.

"நீங்க ஓனருங்களா?"

"கடை என்னோடதுதாங்க."

"கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களைப் பேசச் சொல்லுங்க மேடம்."

இவரிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே நிற்கிறேன். "ஆமாங்க, நம்ம பிசினஸ்தான். வீட்ல தைச்சுக் குடுப்பாங்க. பேரா? வேணாங்க, அப்படியே இருக்கட்டும்." வைத்துவிட்டார்.

தைச்சுக் குடுப்பாங்களா? வெட்டுறது யாரு, அளவு கேட்டு மன்றாடுறது யாரு, பார்சல் கட்டித் தூக்கிட்டு ஓடுறது யாரு? ஏன் மாத்தலைன்னு கேட்டா, "பதினோரு வருஷம் ஓடின பேரு. உன் தையலுக்கு எந்தப் பேர் இருந்தா என்ன? பில்லுல இப்படி வரும்னு எழுதிப் போட்டுடு."

எழுதிப் போட்டேன். 'குளுகுளு என்று வரும், பயப்பட வேண்டாம்.' என் கடை முகப்பில், என் கையாலேயே. வெட்கங்கெட்டவள்.

ஏப்ரல் 25, வெள்ளி

புகார் எட்டாகிவிட்டது. கணக்கை முடக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் பணம் தொண்ணூறு நாள் கழித்துத்தானாம். கடையில் 'கார்டு எடுப்பதில்லை' என்று மறுபடியும் போட்டேன்.

நீலக்காரர் புகாரைத் திரும்பப் பெற முயன்றிருக்கிறார். "சொன்னதை வாபஸ் வாங்க ஆறு தாள் நிரப்பணுமாம்மா. நிரப்புறேன்" என்றார். முன்பின் பார்த்திராத மனுஷர்.

இவர் சொன்னது: "நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

ஏப்ரல் 26, சனி

மார்ச்சில் எழுதிய அட்டையைத் தேடி எடுத்தேன்.

மே 5, திங்கள்

அட்டையில் எழுதிய அந்த இரண்டாவது சேவைக்கே என் பெயரில் விண்ணப்பித்தேன். நாத்தனார் மதிய இடைவேளையில் வந்து தாள்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்: வாடிக்கையாளரின் கார்டு பில்லில் தெரிய வேண்டிய பெயர். ஆங்கிலத்தில், இருபத்திரண்டு எழுத்துக்குள். ஊசிக்கண்ணை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றைப் போட்டேன். இதை மார்ச்சிலேயே செய்திருக்கலாம். ஒரு முகத்தைப் பார்த்துச் செய்யாமல் விட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருக்கிறேன். கேட்கமாட்டார்.

மே 19, திங்கள்

கணக்கு திறந்துவிட்டது. சரியாக வேலை செய்கிறதா என்று, எங்கள் இருவருக்கும் பொதுவான கார்டில், என் கடையில் நானே ஒரு பக்கவாட்டுப் பை வாங்கினேன். நாற்காலிக் கையில் மாட்டுவது. என் கையாலேயே கட்டி, என் முகவரியை ஒட்டி, மேஜைமேல் வைத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இவர் கார்டு பில்லோடு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"ஊ... சிக்... கண்ணா? என்ன எழவு இது? எவனோ நம்ம கார்டுல கை வச்சிட்டான்போல. பேங்க்ல சொல்லிடவா?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"வேணாம். நான் வாங்கினதுதான்."

"தெரிஞ்ச கடையா?"

"ம்."

தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் வெட்ட உட்கார்ந்தேன். இன்றைக்கு நான்கு ஆர்டர். இரண்டு நீலம்.