டூலூத் எலிப்பண்ணை

அன்புள்ள அம்மா,

உலகோர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது: டூலூத் நகரில் என் எலிப்பண்ணை இனிதே திறக்கப்பட்டது. உன் முழங்கால் வலி குறைந்ததா?

என் பாம்பு மேபெல்லுக்கு இரையாக நாம் கார் கொட்டகையில் சுண்டெலி வளர்த்தோமே, இங்கே அந்த நாற்றத்துக்குக்கூட மனம் ஏங்குகிறது. நான் வளர்ப்பது பெரிய எலி. நாற்றம் குறைவு; மூன்று சுண்டெலிக்குப் பதில் ஒன்று போதும். புறப்படும்போது நீ சொன்னாய்: "பெரிய எலி வேணாம்டா க்ளின்ட், மூஞ்சியப் பாத்தா பேரு வைக்கத் தோணும்."

"எனக்கா? நான் கல்நெஞ்சன்மா!" என்றேன்.

என் முதல் எலியைப் போன வாரம் மேபெல்லிடம் கொண்டுபோனேன். அது என் சட்டைக் கைக்குள் புகுந்து தூங்கிவிட்டது. மேபெல் கடையில் வாங்கிய சுண்டெலியைத் தின்றாள்.

பரணில் இருக்கும் பழைய கூண்டை, எலி ஏறி ஓடும் சக்கரத்தோடு அனுப்பு. வேலைக்கு நேரமாகிறது.

தினமும் வேலை முடிந்து வந்தால், வீட்டில் நீ வருவாயே, அதுபோலக் கதவுச் சத்தம் கேட்டு ஓடி வருவது அந்த எலிதான். அதனால் லொரெட்டா என்று உன் பேரையே வைத்துவிட்டேன். திட்டாதே.

க்ளின்ட்