முப்பது என்று எழுதினேன்

இன்று காலை போர்ட் பிளேயரில், கராச்சர்மா போகும் பஸ்ஸில் டீசல் வாடையோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீதான் என்று திரும்பிவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது, என் மூக்குக்கு இன்னும் அது தெரியவில்லை. பையில் மெயின்லேண்டிலிருந்து வந்த பதில் இருந்தது. அதை உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

கார் நிக்கோபாரில் நமக்கு அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். நீ அரசுப் படகுகளுக்கு எஞ்சின் மெக்கானிக், நான் வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் அளந்து எழுதுகிறவன். காற்றை எழுதிச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் என்று என்னை ஓட்டுவாய்.

அந்த நவம்பர் மாலை உன் தம்பி வலையை எடுத்துவரச் சின்னப் படகில் போனான். திரும்பவில்லை. அதே நேரம் எங்கள் நிலையத்தில் காற்றுமானியின் முள் மணிக்கு முப்பது கடல்மைலில் சிக்கி நின்றது. வெளியே தகரக் கூரைகள் பறந்துகொண்டிருந்தன. முப்பத்துநான்கைத் தொட்டால்தான் எங்கள் பதிவில் அது புயல், அதற்குக் கீழே தாழ்வு மண்டலம். கருவி பழுதானால் மரத்தையும் கடலையும் பார்த்துக் கண்மதிப்பில் எழுதலாம். நான் பார்த்த காற்று ஐம்பதுக்குக் குறையாது. ஆனால் முந்தைய வருடம் அப்படி எழுதியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. பயந்துவிட்டேன். முள் காட்டிய முப்பதையே எழுதினேன், பழுது என்றும் குறிக்கவில்லை.

பக்கத்தில் வேறு நிலையமும் இல்லை, கப்பலும் இல்லை. மெயின்லேண்ட் அலுவலகம் போடும் புயல் பாதைகளின் தொகுப்பில் நம் தீவின் மேல் தாழ்வு மண்டலத்துக்கான வெறும் புள்ளிக்கோடுதான் விழுந்தது. மேற்கே வெகுதூரம் போன பிறகுதான் அதைப் புயல் என்றார்கள். புயலே இல்லாத நாளில் படகைக் கவிழ்த்தவன் குடித்திருப்பான் என்று ஊர் பேசியது. உன் அம்மாவும் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினார்.

நாம் இருவரும் போர்ட் பிளேயருக்கு மாற்றலாகி வந்தபின் ஒருநாள் அந்தப் புள்ளிக்கோட்டை உனக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாய்.

"எனக்க தம்பி தூஃபான்லதான் போனான், மக்கா. அத இதுல எழுத வைக்கணும்."

மெயின்லேண்ட்காரர்கள் போட்ட கோடு, மாற்றச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். நீ நம்பினாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வந்து, மாற்றிவிட்டார்களா என்று கேட்பாய். பார்க்கிறார்களாம் என்பேன். ஒரு கடிதம்கூட நான் போட்டதில்லை. நீ அவர்களைத் திட்டிவிட்டுப் போவாய்.

நீ போன பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. பழைய பாதைகளைச் சரிபார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். பதிவேட்டில் பழுதுக் குறிப்பு இல்லை, ஒருவரின் நினைவை வைத்துத் திருத்த முடியாது என்கிறது பதில். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். இனி இந்தத் தொகுப்பை எடுத்துப் படிக்கும் எவருக்கும் அன்று நம் தீவில் புயல் இல்லை. மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை, கையில் சான்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒன்னால ஆனத எல்லாம் செஞ்சிட்ட, மக்கா" என்றாய்.

நான் தலையாட்டினேன்.