வுப்பர்டால் காக்கைகளுக்கு ஒரு பிடிச் சோறு

அன்புக் கமலா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் தட்டுப்பாடாம், ஞாயிறன்று ஜெர்மனி முழுக்க யாரும் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வுப்பர்டாலே அடங்கிக் கிடக்கிறது. நம் கொல்லையில் சிட்டுகள் போடும் சண்டை சமையலறை வரை கேட்கிறது. நீ இருந்திருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஓடியிருப்பாய்.

உன் சினேகிதர்கள் எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் மூக்குக் கறுப்பன் ஆப்பிள் தோலைக் கொத்திக்கொண்டிருக்கிறான். அது குயில்தான் என்று நீயும், இல்லை, இந்த ஊர் ஆம்சல் என்று நானும் எத்தனை நாள் மல்லுக்கு நின்றோம்! சிவப்பு அணிலும் வருகிறது. "இதுக்கு முதுகுல கோடே இல்லையேக்கா, ராமர் இந்தப் பக்கம் வரவே இல்லையா?" என்று கேட்டாயே. பைபிளில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முள்ளெலி மட்டும் இலைக்குவியலுக்குள் தூங்கப் போய்விட்டது.

முதல் தடவை நீ சோற்றை வைத்துக்கொண்டு "கா, கா" என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு ஃபிராவ் பெக்கர் வேலியோரம் ஓடிவந்து, வீட்டுக்கு ஏதாவது குழந்தை வந்திருக்கிறதா, அதற்கு வயிறு சரியில்லையா என்று கேட்டாள். நம் ஊர்க் குழந்தைகள் சொல்லும் அதே 'கக்கா'தான் இங்கேயுமாம்! விஷயம் புரிந்து நாம் மூவரும் சிரித்த சிரிப்பில், வந்திருந்த காக்கையும் பறந்துவிட்டது.

இன்று உனக்கு முதல் வருஷத் திதி. ஐயர் கிடைக்காத ஊரில் வேதக்காரி நான்தான் சமைத்தேன். வாழைக்காய்க்கு எங்கே போக? உருளைக்கிழங்குதான். உன் வீட்டுக்காரர் குளித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். முட்டைக்கோஸ் இலையில் ஒரு பிடிச் சோற்றை வைத்துவிட்டுக் கொல்லையிலேயே நின்றார். காக்கை எடுக்காமல் சாப்பிட மாட்டாராம். இந்த ஒரு வருஷமாகவே அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, கமலா. ரொட்டியும் காப்பியும்தான். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

காக்கைகள் எதிர் மரத்தில்தான் உட்கார்ந்திருந்தன. இறங்கவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

"தம்பி, உள்ள வாங்க. இது நம்ம ஊர்க் காக்கா இல்ல. ஆள் நின்னா வராது."

"இல்லக்கா. அவளுக்கு என்மேல கோபம். இந்தக் குளிர்ல கொண்டாந்து போட்டுட்டேன்ல? அதான் தொடமாட்டேங்கறா."

எனக்குச் சுருக்கென்றது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா ஒரு வருஷமாக வயிற்றைக் காயப்போட்டார்? உன் கடைசி நாட்களில் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தவள் நான். இதை முன்னமே கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லையே.

"தம்பி, ஊருக்குப் போகணும்னு அவ ஒரு தடவைகூடச் சொல்லல. தினமும் நான் உள்ள நுழைஞ்சதும், 'அவர் சாப்பிட்டாராக்கா?'ன்னு கேப்பா. அப்புறம்தான், 'பறவைங்களுக்கு வச்சீங்களா?' கோபக்காரி கேக்கற கேள்வியா இது?"

அவர் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தினேன். இரண்டு பேரும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றோம். ஒரு காக்கை இறங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்தது. பிறகு இன்னொன்று. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வந்தது நீதானா, கமலா? என் வேதத்தில் அதற்கு இடமில்லை. பசித்த பறவை என்றுதான் என் புத்தி சொல்கிறது. ஆனாலும் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அவர் சாப்பாட்டுக்கு இனி நான் பொறுப்பு. அடம்பிடித்தால் அதட்டியாவது உட்கார வைக்கிறேன். நீ கவலைப்படாதே. இன்றைக்குச் சாப்பிட்டார், கமலா. ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
ஸ்டெல்லா